கரையேறிய கோடு

மாசி முடிந்து கச்சான் காற்று கிளம்பிக் கடல் கொந்தளிப்பதற்குள் கடல் வழியாக ராமேஸ்வரம் போய் வந்துவிட வேண்டும் என்று தூத்துக்குடி ஜவுளிக்கடை பால்துரை சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார். புது மோட்டார் படகின் முதல் பயணம். கடலைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் மனைவி ஜெயசெல்வி ஏறாவிட்டால் படகைத் தண்ணீரில் இறக்குவதில்லை என்பது அவர் முடிவு. பென்சிலால் கோடு இழுத்தார்.

"கரையிலேர்ந்து பன்னண்டு கிலோமீட்டர் தள்ளிப் போறோம்."

ஆறே போதும். ஆனால் அவளும் கடைக்காரர் வீட்டில் பிறந்தவள், பாதியாகக் குறைப்பாள் என்று இருமடங்காகச் சொல்லிவைத்தார்.

"மூணு," என்றாள்.

"மூணுல பாறை கெடக்கு, செல்வி. ஒம்பது."

"ரெண்டு."

ஏறி வராமல் இறங்கிக்கொண்டே போகிற பேரத்தை அவர் அன்றுதான் பார்த்தார். அழித்து அழித்து வரைந்ததில் கோடு அலையைத் தாண்டி, மணலில் ஏறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் நின்றது.

"இதுன்னா எனக்குச் சம்மதம்."

"இதுல பஸ்ஸுல்லா ஓடுது."

பால்துரை பென்சிலை வைத்துவிட்டு, விலை படியாத வாடிக்கையாளரைப்போல வாசலை நோக்கி நடந்தார்.

"சரி, படகை வித்துருதேன்."

மூன்றாவது அடியில் கூப்பிடுவதுதான் கடைவீதி வழக்கம். மூன்று ஆயிற்று. நாலாவதை மெதுவாக வைத்தார். ஐந்தாவதை வைக்க மனமே வரவில்லை. பின்னால் ரப்பர் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க, படகுல குடை பிடிக்கலாமா?"

அவர் திரும்பவில்லை. முதல் அழைப்பிலேயே திரும்பினால் பேரம் கெட்டுவிடும். காலடியிலேயே கிடந்த செருப்பை மிக நிதானமாகத் தேடினார்.