இண்டிகாவுக்குக் கார்பன் கதவு

"கார்பன் ஃபைபர் துணி, கம்மி ரேட்டுல எதுவும் இருக்குங்களா?"

எங்க மாப்ள நிலவழகன் இப்படிக் கேட்டதும் கடைக்காரர் ரகுநாத் அவரை ஏற இறங்கப் பார்த்தார். புதுக்கோட்டையில, ஃபைபர் தொட்டி, ஃபைபர் கதவு செய்யிறவங்களுக்குச் சாமான் விக்கிற கடை அது.

"எந்த வண்டிக்கு சார்?"

"இண்டிகா. பதினெட்டு வருசத்து வண்டி."

கடைக்காரர் மரியாதைக்கு இருமினார். எனக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது, சிரிச்சுட்டேன்.

"ரேஸுல விடப் போறாருங்க. கறம்பக்குடி ரோட்டுல இனிமே டவுன் பஸ்ஸெல்லாம் ஒதுங்கித்தான் போகணும்"ன்னேன்.

மாப்ள காதுலயே வாங்கல. காரோட பின் கதவை, அதான் மேல தூக்குற டிக்கிக் கதவை, இந்தத் துணியையும் ரெசின் பசையையும் வச்சு வீட்டுலயே செய்யப் போறாராம். யாரு? கூட்டுறவு சங்கத்துல கிளார்க்கு. காலண்டர் மாட்ட ஆணி அடிச்சாக்கூட பக்கத்து வீட்டுக்காரன் ஓடி வரணும். யூட்யூப்ல நாலு வீடியோ பாத்தாச்சாம், போதுமாம்.

"கண்ணாடி ஃபைபர் எடுத்துக்கங்க சார், ரொம்ப மலிவு."

"கார்பன் அளவுக்குக் கனம் குறையுமா?"

"அது குறையாதுங்க."

"அப்ப கார்பனே குடுங்க."

"நெசவு கோணிப்போச்சுன்னு கம்பெனியில ஒதுக்கின ரோல் ஒண்ணு இருக்கு. பாதி விலைக்குத் தாரேன். ஆனா பார்வையா இருக்காது."

"பார்வை எதுக்குங்க? கனம் குறைஞ்சாப் போதும்."

ஊரு உலகத்துல பவுசுக்குத்தான் இதை வாங்குவான். இவரு காசையும் குடுத்து, பாக்கச் சகிக்காததா வாங்கிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டார். என் பைக்குல வேற ஏறிக்கிட்டார். தலையில அடிச்சுக்கிட்டேன்.

எனக்கு வயித்தெரிச்சல் எதுன்னா, அந்த இண்டிகாதான் என் தங்கச்சி ஷர்லியோட பொழப்பு. வல்லத்திராக்கோட்டையில வீட்டுலயே முறுக்கும் அதிரசமும் போட்டு, பெரிய பெரிய டின்னுல அடைச்சு, காலையில தானே கார் ஓட்டிக்கிட்டுப் போயி கடை கடையா எறக்குறவ. பின் கதவைக் கழட்டி வேப்ப மரத்துல சாத்தியாச்சு. சரக்கு போகாமப் பத்து நாளு ஆனா கடைக்காரன் சும்மா இருப்பானா? வேற ஆளப் பாத்துக்குவான்.

ஒம்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள் ரெண்டுல ஒண்ணு பாத்துடுறதுன்னு கெளம்பிப் போனேன்.

வாசல்ல ரெசின் நாத்தம் கொடலைப் புடுங்குச்சு. மாப்ள கையில கிழிஞ்ச கையுறை, மூஞ்சியில மாஸ்க்கு, தலையெல்லாம் கறுப்புத் தூளு. கதவைத் தூக்கி மாவு எடை போடுற மெஷின்ல வச்சுக்கிட்டிருந்தார்.

"மச்சான், பழைய கதவு பதினெட்டுக் கிலோ. இது ஏழுதான்!"

"அடேயப்பா! இனி வண்டி பறக்கும். ஏரோப்ளேன் லைசென்ஸு எடுத்தாச்சா?"

அவரு சிரிச்சுக்கிட்டே கதவை மாட்டப் போயிட்டார். நான் தங்கச்சி பக்கம் திரும்பினேன்.

"ஏன் ஷர்லி, இவரு வெளையாடுறதுக்கு ஒம் பொழப்புத்தானா கெடச்சுச்சு? ஒரு அதட்டுப் போட மாட்டே? கடையெல்லாம் கைய விட்டுப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"ரெண்டு கடைக்காரவுக ஏற்கெனவே ஆள மாத்திட்டாகண்ணே"ன்னா. சொல்றப்பவே கண்ணு கலங்கிருச்சு.

"பாத்தியா? நான் சொல்லல?"

மாப்ள கடைசி போல்ட்டை முறுக்கிட்டுக் கூப்பிட்டார். "ஷர்லி, நீ வந்து தெற."

அவ இடது கையால கொண்டியை லேசா அமுக்கினா. அவ்வளவுதான். கனமில்லாத கதவு, ரெண்டு பக்க ராடும் தள்ளத் தள்ளத் தானா மேல போயிருச்சு. சாத்துறதுக்குக் கைக்கு எட்டுற மாதிரி உள்ள ஒரு நாடா தொங்குச்சு. அதையும் இடது கையாலயே இழுத்துச் சாத்தினா. மறுபடி தெறந்தா. மறுபடி சாத்தினா. புள்ள மாதிரி சிரிக்கிறா.

"என்னங்க, நானே தெறந்துட்டேன்!"

மாப்ள மாஸ்க்கைக் கழட்டாம அங்கிட்டுத் திரும்பிக்கிட்டார்.

"கதவு தெறக்குறதுக்கா இத்தனை கூத்து?"ன்னேன்.

"கட்டி ஆபரேசன் பண்ணதுல இருந்து இந்த வலது கை தோளுக்கு மேல ஏற மாட்டேங்குதுண்ணே. பழைய கதவை ஒத்தக் கையால தூக்க முடியல. ஒவ்வொரு கடை வாசல்லயும் ரோட்டுல போறவுகளக் கூப்பிட்டுக் கெஞ்சிக்கிட்டு நின்னேன்."

எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு.

"ரோட்டுல போறவன எதுக்குக் கெஞ்சணும்? கூடப் பொறந்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தெனமும் கூடவே வந்து தூக்கி விட்டிருக்க மாட்டேன்?"

ஷர்லி கதவைச் சாத்திட்டு என்னைப் பார்த்தா.

"ஆஸ்பத்திரியில நீயாத்தான் அப்படிச் சொன்னேண்ணே. ரெண்டு நாள் வந்தே. மூணாம் நாளு, வண்டியில சரக்க ஏத்தி வச்சுட்டு, பத்து மணி வரைக்கும் ஒன்னய எதிர்பாத்துக்கிட்டு வாசல்லயே நின்னோம். அன்னிக்குத்தான் இவுக இந்தத் துணி எங்க கெடைக்கும்னு தேட ஆரம்பிச்சாக."