ஒரு நாள் தள்ளிப் போ!

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு முதல் பொண்டாட்டி ஊருக்குப் போவியா? கால ஒடிச்சுடுவேன்!" கத்தினாள் ட்ரேசி.

ஃபாலானிகோவுக்கு ரத்தம் கொதித்தது.

"அவளப் பார்க்கவா போறேன்? என் பொண்ணு மாலியாவப் பார்க்கப் போறேன். நம்ம ஆபியாவுலேருந்து பக்கத்துத் தீவு பாங்கோ பாங்கோ நூத்திமுப்பது கிலோமீட்டர்தான். முப்பத்தஞ்சு நிமிஷத்துல பிளேன் இறங்கிடும். 'கிறிஸ்துமஸுக்கு வருவியாப்பா'ன்னு ஏழு வயசுக் குழந்தை போன்ல அழுவுது!"

"அழட்டும். இருபத்தஞ்சாம் தேதி பூரா நீ என்கூடத்தான் இருக்கணும். மறுநாள் எங்க வேணா போய்த் தொலை!"

அவள் ஆக்லாந்திலிருந்து கல்யாணமாகி வந்து மூன்றே வாரம். அதற்குள் இத்தனை அதிகாரம்! நாக்கு நுனிவரை வந்த பதிலை அவன் பல்லைக் கடித்து விழுங்கினான்.

"சரி. மறுநாளே போறேன்."

கிறிஸ்துமஸ் முழுக்க அவள் பக்கத்திலேயே உர்ரென்று உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலை ஏழு மணி விமானத்தில் ஏறினான்.

இறங்கியதுமே ட்ரேசியின் போன். "என்ன, பண்டிகை முடிஞ்சப்புறம் வந்து நிக்கிற அப்பனைப் பார்த்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டாளா உன் பொண்ணு?"

வெள்ளை கவுனில் ஓடி வந்த மாலியா போனைப் பிடுங்கினாள். "ஹேப்பி கிறிஸ்துமஸ் சித்தி! அப்பா சரியா வந்துட்டாரு. இப்பத்தான் சர்ச்சுக்குக் கிளம்பறோம்!"

"கிறிஸ்துமஸா? அதான் நேத்தே முடிஞ்சு போச்சே!"

ஃபாலானிகோ போனை வாங்கினான்.

"அது உனக்கு. நடுக்கடல்ல தேதிக்கோடு ஓடுது. அதைத் தாண்டி வந்தா ஒரு நாள் பின்னால போயிடுவோம். இங்க இன்னிக்குத்தான்டி இருபத்தஞ்சு!"