குழுவிலிருந்து நீக்கம்

சமையலறை மேசையில் உட்கார்ந்து அக்கா கைபேசியில் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பாடகியின் ரசிகர் குழு அது.

“யார்கூடக்கா இவ்வளவு சண்டை?” என்றாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த தங்கை.

“கடைசி மூணு பாட்டும் எடுபடலை, முதல் நூறு பாட்டு வரிசையிலகூட வரலை, குரலே போயிடுச்சுன்னு எழுதினேன். பிலுபிலுன்னு பிடிச்சுக்கிட்டாங்க.”

“உனக்கு எதுக்கு இந்த வம்பு?”

“ஒரு பஸ் டிரைவர் எழுதுறதைக் கேளு. ‘குரல்ல ஒரு குறையும் இல்லைங்க. அதுமேல வாத்திய இரைச்சலைக் கொட்டி மூடிட்டாங்க. பாட்டை ஒழுங்கா கேட்டுட்டு வந்து பேசுங்க.’”

அக்கா விடவில்லை. ‘வயசாச்சு. பாடுறதை நிறுத்திக்கிறதுதான் அவங்களுக்கு மரியாதை’ என்று எழுதினாள்.

‘நீங்கல்லாம் ஒரு ரசிகையா?’ என்று பதில் வந்தது. அடுத்த நிமிடமே அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

“நல்லா வேணும் உனக்கு!” என்று தங்கை சிரித்தாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இசையமைப்பாளரை அழைத்தாள்.

“இனிமே பாடமாட்டேன்னு நேத்து சொன்னேனே, அதை மறந்துடுங்க. நாளைக்கு ரெக்கார்டிங்குக்கு வரேன். ஆனா இந்தத் தடவை என் குரலோட பியானோ மட்டும் போதும்.”