இரண்டாவது பொட்டலம்

"நீயே எடுத்துக் குடுக்கா," என்றாள் இராஜம்மா.

மாரியம்மன் காலடியில் இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள் கிடந்தன. ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை. மற்றதில் சிவப்பு அரளி. எது எதில் என்று தனக்கே தெரியாதபடி இராஜம்மா கண்ணை மூடிக் குலுக்கிப் போட்டிருந்தாள். வெள்ளை வந்தால் புருஷன் பிழைப்பான். சிவப்பு வந்தால் இல்லை.

வீரம்மாவுக்குக் கை எழவில்லை.

திங்கட்கிழமை அவளும் இங்கேதான் பூக் கேட்டாள். சிவப்பு வந்தது.

கிள்ளான் டவுன் ஆஸ்பத்திரியில் இருவர் புருஷன்மாரும் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். ஒரே மலைக்காய்ச்சல். ஒரே கசப்பு மருந்து.

அந்தச் சிவப்புக்குப் பிறகு வீரம்மா அங்கே போகவில்லை. போனால் தன் முகத்தைப் பார்த்தே புருஷன் பக்கிரிசாமி தெரிந்துகொள்வான் என்று பயம்.

இராஜம்மா தினமும் போனாள். குளித்து, பொட்டு வைத்து, தூக்குவாளியில் கஞ்சியோடு. நேற்று அவள் புருஷன் கன்னையாவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்ததாம். அப்படியும் இரவு இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குறட்டை கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடந்த வீரம்மாவுக்கு நெஞ்செல்லாம் எரிந்தது.

இப்போதும் எரிந்தது. கையை நீட்டினாள்.

தாயே, சிவப்பு வரட்டும்.

நாலு நாளில் அவள் சாமியிடம் கேட்டது அது ஒன்றுதான்.

இராஜம்மா பொட்டலத்தை வாங்கி, விளக்குப் பக்கம் திரும்பிப் பிரித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வெள்ளைக்கா," என்று சிரித்தாள். தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆடிக்கு ஆடி இந்தக் கோயிலில் கூழ் காய்ச்சி ஊற்றுபவள் வீரம்மா. இராஜம்மா கப்பலில் வந்து இறங்கி இரண்டு வருஷம் ஆகவில்லை. அவளுக்கு மட்டும் அம்மன் திறக்கிற காது என்ன காது?

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. வேப்பமரத்தடியில் அப்படியே போட்டுவிட வேண்டும். வீரம்மா அதைக் கையில் எடுத்தாள். இராஜம்மாவுக்கு வராமல் போன அந்தச் சிவப்பை ஒரு தரம் பார்க்க வேண்டும் போலிருந்தது.

நாரை அவிழ்த்தாள்.

நந்தியாவட்டை. ஓர் இதழ்கூடக் கசங்கவில்லை.

அப்படியானால் அம்மன் இன்று கேட்டது வீரம்மா சொன்னதைத்தான்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே இராஜம்மா, தினமும் நடக்கிற அதே நடையில் போய்க்கொண்டிருந்தாள். வீரம்மா ஓடிப் போய் அவள் முன்னால் நின்றாள். உள்ளங்கையை விரித்துப் பூவைக் காட்டினாள்.

இராஜம்மா பூவையே பார்த்தாள். கண் கலங்கியது. முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"பிரிக்கக்கூடாதுன்னு தெரியாதா உனக்கு? பூ சொல்றதச் சொல்லட்டும். அதுக்காக அந்தாளப் பட்டினி போடச் சொல்றியா? கஞ்சி கொண்டு போறது என் வேல. மத்தத ஆத்தா பாத்துக்கட்டும்."

வீரம்மா நகரவில்லை.

இராஜம்மா தூக்கை அவள் கையில் திணித்தாள்.

"நடக்கா. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் காச்சியிருக்கேன். நாலு நாளா அண்ணனுக்கும் நாந்தான் ஊட்டுறேன். உனக்கு இருமல், அதான் வரலன்னு சொல்லி வெச்சிருக்கேன். உள்ள நுழையிறப்ப கொஞ்சம் இருமிக்கிட்டே வா."