பெவரில் கப்பலின் கொடி

"ஆடாதீங்க அண்ணே, கழுத்துல கத்தி இருக்கு."

போர்ட்ஸ்மத் துறைமுகத் தெருவில் ஹாப்டேயின் சவரக் கடை. நாற்காலியில் இருந்த சைலஸ் மூச்சை அடக்கினான். வெளியே பூட்ஸ் சத்தம்.

"யாரு அது?"

"கடற்படைக்கு ஆள் பிடிக்கிறவங்க. ‘பெவரில்’ போர்க்கப்பல் மறுபடி கிளம்புதாம், ஆள் பத்தலையாம். கப்பல்ல வேலை பார்த்தவன்னு தெரிஞ்சாப் போதும், கட்டித் தூக்கிட்டுப் போயிடுவாங்க. நீங்க?"

"ரொட்டி சுடறவன்," என்றான் சைலஸ் அவசரமாக.

ஒன்பது வருடம் பெவரிலில் பாய்மரம் ஏறியவன். நேற்றுதான் விடுவித்தார்கள். பதினோரு மணிக் குதிரை வண்டியைப் பிடித்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் மனைவியைப் பார்த்துவிடலாம்.

"நல்லவேளை, தப்பிச்சீங்க. அது கப்பலா? மிதக்கிற சவப்பெட்டி. கட்டி இருபது வருஷமாச்சு. ஒரு தடவையாவது ஜெயிச்சிருக்கா?"

மூன்று பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடித்து இழுத்து வந்த கப்பல். சைலஸ் பல்லைக் கடித்தான்.

"புயல்னா ஓட்டம். எதிரியைப் பார்த்தா அதைவிட ஓட்டம். என்ன சொல்றீங்க?"

"எனக்கென்ன தெரியும்? மாவு பிசையறவன்கிட்ட கேட்டா?"

"போன சண்டையில பிரெஞ்சுக்காரன் ஒரே ஒரு குண்டு போட்டானாம். உடனே இவங்களாவே கொடியை இறக்கிட்டாங்களாம்!"

சைலஸ் நுரையோடு துள்ளி எழுந்தான்.

"யாருடா இறக்கினது? பாய்மரமே ஒடிஞ்சு கடல்ல விழுந்துச்சு. கொடியும் அதோட போச்சு. நீந்திப் போய் எடுத்துட்டு வந்து, மிச்சக் கட்டையில வச்சு ஆணி அடிச்சதே நான்தாண்டா!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணே... காட்டிக் கொடுத்துடாதீங்க. பெண்டாட்டி முகமே மறந்துபோச்சு."

ஹாப்டே கத்தியைத் துடைத்து வைத்தான். வாசலை எட்டிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"கத்தாதீங்க. பின்பக்கமா ஒரு வழி இருக்கு. சீக்கிரம் வாங்க."

அவன் பின்னறைக் கதவைத் திறந்துவிட, சைலஸ் உள்ளே பாய்ந்தான். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே வாளோடு ஒரு கடற்படை அதிகாரி. பெஞ்சில் பாதி முகம் மழித்த ஆறு பேர், எல்லாரும் பெவரில்காரர்கள்.

"தள்ளி உக்காருங்கப்பா, இன்னொருத்தன் வந்துட்டான்," என்றான் ஓரத்தில் இருந்தவன். "நான் தையல்காரன், இவரு பாதிரியார். நீ என்னன்னு சொன்னே?"