முதல் பக்கம்

"இன்னைக்கும் வரலையா சார்?"

படியேறி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது மேங் யேரூவுக்கு. இஞ்சியோன் நகரில், வறுத்த கோழிக் கடைக்கு மேல்மாடியில், ஒற்றை அறையில் உட்கார்ந்து இணையதளம் செய்து கொடுக்கிறவர் பியோன் கிசொக். கீழிருந்து ஏறும் எண்ணெய் வாசம் அவர் சட்டை வரைக்கும் படிந்திருந்தது.

"உட்காரும்மா. காபி போடவா?"

"காபி வேண்டாம். வியாழக்கிழமை எனக்கு நேர்முகத் தேர்வு. அதுக்குள்ள என் பேரைத் தேடினா என் தளம் முதல்ல வரணும். போன வாரமே வந்துடும்னு சொன்னீங்க."

தள உரிமையாளர்களுக்குத் தேடுபொறி தருகிற பக்கத்தைக் கிசொக் திறந்தார். சாம்பல் நிறத்தில் ஒரே வரி இருந்தது. 'சேர்க்கப்படவில்லை.'

"புதுத் தளம்னா அப்படித்தான். நாம கடையைத் திறந்தாச்சு. தேடுபொறியோட ஆள் வந்து பார்த்து எழுதிட்டுப் போகணும். அந்த ஆள் இன்னும் நம்ம தெருவுக்கே வரல."

"எப்ப வருவான்?"

"அவன் இஷ்டம்."

"நல்ல தொழில் சார் உங்களுது. தப்பு எப்பவும் அடுத்தவன்மேல."

அவர் சிரித்துக்கொண்டே அவளுடைய தளத்தை மேலும் கீழும் உருட்டினார். கள்ளிச்செடி வளர்ப்பது பற்றிக் கட்டுரைகள். மலையேறிய படங்கள். பட்டமளிப்பு விழாவில் நகரப் பேருந்து ஓட்டும் அப்பாவோடு நின்று எடுத்த படம். எல்லாவற்றுக்கும் தலைப்பில் அவள் பெயர்.

"கள்ளிச்செடிக்குத் தண்ணி ஊத்துறதை இத்தனை பக்கத்துக்கு எழுதியிருக்கியே, யாரும்மா படிப்பாங்க?"

"யாரும் படிக்க வேண்டாம். மேல இருந்தா போதும்."

"சினிமாவுல கினிமாவுல நடிக்கப் போறியா?"

யேரூ கைப்பையின் வாரை விரலில் சுற்றி இறுக்கினாள்.

"கோவிச்சுக்காதே. உன் பேருக்கு இது சுலபம். கிம் மின்ஜின்னு வெச்சிருந்தா ஆயிரம் பேரோட மல்லுக்கட்டணும். இந்தப் பேர்ல நாட்டுலயே வேற ஆள் இல்லை. யார் வெச்சது?"

"அப்பா. பேர் குறிச்சுக் குடுக்கிறவர்கிட்டப் போய், வேற யாருக்குமே இல்லாத பேரா வேணும்னு கேட்டு வாங்கினாராம்."

"கெட்டிக்கார மனுஷன்."

அந்த மனுஷன் தினமும் வேலை முடிந்து வந்ததும், தொப்பியைக் கழற்றும் முன்பே மகளைப் பார்த்து 'வேலை என்னாச்சு' என்று கேட்டுக்கொண்டிருந்தார். குடும்பத்திலேயே கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். இரண்டு நிறுவனங்கள் தேர்ந்தெடுத்துவிட்டு, வேலையில் சேரும் முன்பே ஒரு வரியில் வருத்தம் தெரிவித்து முடித்துக்கொண்டன. அப்பாவிடம் அவள் சொன்ன காரணம், போட்டி அதிகம் என்பது.

"ஆளை எடுக்கிறதுக்கு முன்னாடி பேரைத் தேடிப் பார்க்கிறாங்க சார். எல்லாருமே பார்க்கிறாங்க."

"பின்னே? தேடினா ஒண்ணுமே கிடைக்காத ஆளை நம்பி எவன் வேலை குடுப்பான்? சரி, உன் பேரைப் போட்டு ஒரு தடவை பார்த்துடுவோம்."

"வேண்டாம்."

அவள் சொன்ன வேகத்தில் அவர் கை நின்றது.

"நம்ம தளம் ஏறினப்புறம் பார்த்துக்கலாம். சும்மா சும்மா தேடாதீங்க."

"ஏன், கண்ணு பட்டுடுமா?" என்றபடி தளத்தின் அமைப்புகளைத் திறந்தவர், கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்தினார். "அடச்சே."

"என்ன?"

"தளம் கட்டும்போது தேடுபொறி உள்ளே எட்டிப் பார்க்காம இருக்க, வராதேன்னு ஒரு வரி எழுதி வைப்போம். வேலை முடிஞ்சதும் அதை எடுத்துடணும்."

"எடுக்கல."

"எடுக்கல."

"கதவைச் சாத்தி வெச்சுட்டு, ஆள் வரல, ஆள் வரலன்னு எனக்குக் கதை சொல்லிட்டிருந்தீங்க."

அவள் மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று அவர் பயந்தார். அழவில்லை.

"நான் ஏறணும்னா இவ்வளவு பாடு. வேண்டாததெல்லாம் ஒரே ராத்திரியில ஏறிடுதே, அதுக்கெல்லாம் யார் சார் கதவைத் திறந்து விடுறாங்க?"

"நாலு பேர் பார்க்கிற சரக்குன்னா தேடுபொறியே ஓடி வந்து எடுத்துக்கும்மா," என்றார் கிசொக், அந்த வரியை அழித்தபடி.

புதன்கிழமை மதியம் அவரே போன் செய்து வரச் சொன்னார். திரையில் பச்சை எழுத்து. 'சேர்க்கப்பட்டது.'

"பார்த்தியா? வந்துட்டான். நாளைக்குத் தைரியமாப் போ."

யேரூ அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "முதல் பக்கத்துலயா சார்?"

"இரு, இப்பவே காட்டுறேன்."

"சார், அடிக்காதீங்க."

'மேங் யே' வரைக்கும்தான் அவர் அடித்திருந்தார். மீதியைத் தேடல் பெட்டியே எழுதிக் காட்டியது: மேங் யேரூ வீடியோ. மேங் யேரூ முழு வீடியோ. மேங் யேரூ எந்தக் கல்லூரி.

விரல் அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டது. முதல் பக்கம் முழுக்க அவள் பெயர். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே அறை, அதே படுக்கை, அதே முகம். கிசொக் நெருப்பைத் தொட்டதுபோல மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"அதெல்லாம் என் பழைய காதலன் போட்டது சார்," என்றாள் யேரூ. "ரெண்டாம் பக்கத்தைத் திறங்க. நான் போட்டது அங்க இருக்கும்."