கட்டைப்பையின் அடியில் ஒரு வேட்டி

பிரசவ நாள் நெருங்கியதும் வடிவு ஆஸ்பத்திரிக்குக் கட்டைப்பையை அடுக்கி வைத்தாள். ஃபிளாஸ்க், சோப்பு, நாப்கின் எல்லாவற்றுக்கும் மேலே புதுச் சட்டை ஒன்று ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. அடியில் புருஷனின் பழைய வேட்டித் துண்டு சுருண்டு கிடந்தது.

"சாம்பார்க் கறையோட நீ எங்கே கிளம்பிட்டே?" என்றது சட்டை. "பிள்ளைக்கு முதல்ல என்னைத்தான் போடுவாங்க. என் மேல படாம தள்ளியே இரு."

வேட்டி இன்னும் கொஞ்சம் சுருண்டுகொண்டது. தரை துடைக்கத்தான் தன்னைக் கொண்டுபோகிறார்கள் என்று அதுவும் நினைத்திருந்தது.

மறுநாள் காலை குழந்தை பிறந்தது. நர்ஸ் வெளியே வந்து துணி கேட்டார். புருஷன் பதற்றத்தில் மேலாக இருந்த சட்டையை நீட்டினான்.

"புதுசு பிஞ்சு உடம்பை உறுத்தும் தம்பி. துவைச்சுத் துவைச்சு நைஞ்ச வேட்டி இல்லையா?"

அவன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து வேட்டியைத் தேடி எடுத்துக் கொடுத்தான்.

கொஞ்ச நேரத்தில் வேட்டி தொப்பலாக நனைந்து பைக்குத் திரும்பியது. சட்டை முகம் சுளிக்குமே என்று ஓரமாக ஒதுங்கியது. சட்டையோ மெல்ல நகர்ந்து அதன் பக்கத்தில் வந்தது.

"அண்ணே, பிள்ளை என்னை எப்போண்ணே நனைக்கும்?"